விடுதியின் முதல் வாசல் எல்லோருக்கும் திறக்கட்டும்

(பாலாற்றில் நடைபெற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாடும் கர்நாடகமும் சந்திக்கும் எல்லையில் நாம் கூடியிருக்கிறோம். மலைக்குச் செல்லும் பக்தர்களும், மைசூருக்குச் செல்லும் பயணிகளும், வேலை தேடிச் செல்லும் தொழிலாளர்களும் இந்தச் சாலையைக் கடந்து செல்கிறார்கள். அவர்களிடையே மாற்றுத்திறனாளிகளைக் காண்பது அரிது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் சுமார் 13.2 லட்சம், தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் வாழ்கிறார்கள். இந்தியா முழுவதிலும் 2.68 கோடிப் பேர். இவ்விரு மாநிலங்களில் மட்டும் 25 லட்சம் மக்கள் இருந்தும், சாலையில் அவர்கள் ஏன் கண்ணில் படுவதில்லை? அவர்களுக்குப் பயணத்தில் விருப்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பேருந்தின் படி, ரயில் பெட்டியின் உயரம், விடுதியின் வாசல் எனப் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் அவர்களுக்கு ஒரு தடை வைக்கப்பட்டிருக்கிறது.

இந்தத் தடைகளில் அதிகம் பேசப்படாத ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அது தங்கும் விடுதிகளின் இணையதளம்.

விடுதி யாருக்குத் தேவை?

விடுதி என்றவுடன் உல்லாசப் பயணம் நினைவுக்கு வருகிறது. ஆகவே, ‘பேருந்து நிலையத்தில் கழிப்பறையே இல்லாதபோது விடுதியின் இணையதளம் ஒரு பிரச்சினையா?’ என்று நம் தோழர்களே கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது, பதில் சொல்லியாக வேண்டும்.

மைசூரில் 1965 முதல் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இயங்கி வருகிறது. காது கேளாத குழந்தையைப் பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் அங்கே அழைத்துச் செல்லும் வெளியூர்க் குடும்பத்துக்குச் சில நாட்கள் தங்க இடம் வேண்டும். அந்தப் பெற்றோரில் ஒருவரே காது கேளாதவராக இருக்கலாம். வேலூருக்கும் மதுரைக்கும் சிகிச்சைக்குச் செல்வோர், போட்டித் தேர்வு எழுத வேறு மாவட்டத்துக்கு அனுப்பப்படும் பார்வையற்ற பட்டதாரி, நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் சக்கர நாற்காலிப் பயனாளி, தொழிற்சங்க மாநாட்டுக்குச் செல்லும் பிரதிநிதி ஆகிய அனைவருக்கும் ஓர் இரவு தங்க அறை தேவை. உடல் நலமுள்ளவர் அறை கிடைக்காவிட்டால் பேருந்து நிலையத்தில் படுத்துக்கொள்வார். நடக்க இயலாதவர் அதையும் செய்ய முடியாது. அவருக்கு அறை கிடைக்காவிட்டால் பயணமே இல்லை. பயணம் இல்லையேல் தேர்வும் வேலையும் சிகிச்சையும் இல்லை.

முன்பு லாட்ஜ் வாசலில் போய் நின்று அறை கேட்டோம். இன்று நகரங்களில் கணிசமான அறைகள் இணையம் வழியாகவே நிரம்பிவிடுகின்றன. தசரா நாட்களில் மைசூருக்குப் போய் இறங்கிய பிறகு அறை தேட முடியுமா? கட்டணச் சலுகையும் இணையத்தில் பதிவு செய்வோருக்கே கிடைக்கிறது. எனவே விடுதியின் முதல் வாசல் இப்போது தெருவில் இல்லை. கைப்பேசித் திரையில் இருக்கிறது.

வாசல் எப்படி மூடப்படுகிறது?

பார்வையற்றவர் கணினியையும் கைப்பேசியையும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையோடு பயன்படுத்துகிறார். திரையில் உள்ள எழுத்தை அது குரலாக மாற்றித் தருகிறது. அவற்றில் பெரிதும் பயன்படும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை 2006-இல் உருவாக்கத் தொடங்கியவர்கள் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இரு ஆஸ்திரேலிய இளைஞர்கள். விலையுயர்ந்த வணிக மென்பொருள்களை வாங்க இயலாதோருக்காக அவர்கள் அதை இலவசமாகவும் திறந்த மூலமாகவும் உலகுக்குக் கொடுத்தார்கள். அது தமிழையும் வாசிக்கும். கருவி இருக்கிறது, பயன்படுத்தத் தெரிந்த மக்களும் இருக்கிறார்கள். குறை இணையதளத்தில் இருக்கிறது.

விடுதி தன் அறைக் கட்டணத்தை அழகான சுவரொட்டியாக வடிவமைத்துப் படமாக ஏற்றிவிடுகிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திரைவாசிப்பான் எழுத்தாக எடுத்துக்கொள்வதில்லை. ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்தப் படத்தோடு நான்கு வரி மாற்று உரையை எழுதிச் சேர்த்திருந்தால் போதும். ‘முன்பதிவு செய்க’ என்னும் பொத்தானுக்குப் பெயர் கொடுக்காமல் வெறும் குறியீட்டை வைத்தால், கேட்பவருக்கு ‘பொத்தான், பொத்தான், பொத்தான்’ என்பது மட்டுமே காதில் விழும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்ப் பக்கமோ பொருளற்ற எழுத்துக் குவியலாக ஒலிக்கும். யூனிகோடில் எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை.

அடுத்து, தேதியைத் தேர்ந்தெடுக்கும் நாட்காட்டி. பல தளங்களில் அது சுட்டியால் மட்டுமே இயங்குமாறு அமைக்கப்படுகிறது. பார்வையற்றவரும், கை நடுக்கம் உள்ளவரும், மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்டவரும் விசைப்பலகையை நம்பியிருப்பவர்கள். அவர்கள் வரும் நாளையும் போகும் நாளையும் குறிக்க முடியாமல் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். காலி அறை பச்சை, நிரம்பிய அறை சிவப்பு என்று நிறத்தை மட்டும் வைத்துக் காட்டினால், நிறம் பிரித்தறிய இயலாதவருக்கு இரண்டும் ஒன்றே. வெள்ளைத் தாளில் வெளிர் சாம்பல் எழுத்து என்பது இன்றைய வடிவமைப்பாளர்களின் நாகரிகம். மங்கலான பார்வை உள்ளவருக்கும் வயது முதிர்ந்தவருக்கும் அது வெற்றுத் தாள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் ஒளி வேறுபாடு வேண்டும் என்பது சர்வதேச நெறிமுறை.

இவற்றையெல்லாம் தாண்டி வந்தாலும் கடைசிக் கட்டத்தில், ‘நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்’ எனக் கோணல் எழுத்துகளைப் படிக்கச் சொல்கிறது தளம். ‘5 நிமிடத்துக்குள் பணம் செலுத்துக’ என்ற கடிகாரம் ஓடுகிறது. மெதுவாகத் தட்டச்சு செய்பவரின் பதிவு ரத்தாகிறது. ‘சந்தேகங்களுக்குத் தொலைபேசியில் அழையுங்கள்’ என்ற ஒற்றை வழியை மட்டும் கொடுத்தால், காது கேளாதவர் யாரை அழைப்பார்? குறுஞ்செய்தியோ வாட்ஸ்அப் எண்ணோ கொடுத்தால் தீர்ந்துபோகும் பிரச்சினை இது.

சொல்லப்படாத தகவல்

தொழில்நுட்பம் பாதிதான். மீதிப் பாதி தகவல். விடுதியின் தளத்தில் நீச்சல் குளத்துக்குப் பத்துப் படங்கள் இருக்கும். வாசலில் எத்தனை படிகள் என்ற செய்தி இருக்காது. சக்கர நாற்காலியில் செல்பவருக்குத் தேவையானவை எளிய விவரங்கள். சாய்தளம் உண்டா, அதன் சரிவு என்ன? ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் அது ஏறக்கூடிய சாய்தளம். கழிப்பறைக் கதவின் அகலம் எவ்வளவு? உள்ளே கைப்பிடிக் கம்பி உண்டா? மேலைநாட்டுக் கழிப்பறையா? கட்டிலின் உயரம் என்ன? லிஃப்ட் எல்லா மாடிக்கும் செல்கிறதா, மின்சாரம் நின்றால் இயங்குமா? காது கேளாதவருக்குத் தீ எச்சரிக்கையை ஒளியாகக் காட்டும் ஏற்பாடு உண்டா?

‘மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி உண்டு’ என்ற ஒற்றை வரி இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகாது. அந்த வரியை நம்பி 200 கிலோமீட்டர் பயணம் செய்தவர், கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையாது என்பதை இரவு பத்து மணிக்குக் கண்டுபிடிக்கிறார். அளவுநாடாவை எடுத்து அளந்து, எண்ணை எழுதிவைக்க ஒரு பிற்பகல் போதும். சாய்தளமே இல்லாத விடுதியும் ‘வாசலில் மூன்று படிகள் உள்ளன’ என்று உண்மையை எழுதலாம். அதைப் படித்துப் பயணி முடிவெடுத்துக்கொள்வார்.

சட்டம் என்ன சொல்கிறது?

இது கருணை மனு போடும் விஷயமல்ல என்பதை நாம் அழுத்தமாகப் பதிவு செய்ய வேண்டும். இந்தியா 2007-இல் ஏற்றுறுதி செய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு இணையம் உள்ளிட்ட தகவல் தொழில்நுட்பத்தை அணுகும் உரிமையைப் பேசுகிறது. 30-ஆவது பிரிவு சுற்றுலாச் சேவைகளையும் உள்ளடக்குகிறது. அதன் தொடர்ச்சியாக வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, அரசாயினும் தனியாராயினும் சேவை வழங்குவோர் அனைவரும், விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகல் விதிகளின்படி சேவை வழங்க வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூன் மாதம் வந்தன. ஆக, கெடு 2019 ஜூன் மாதமே முடிந்துவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சேவைகளுக்கான அணுகல் தரமாக ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தர நிர்ணயமும் 2023-இல் விதிகளில் சேர்க்கப்பட்டது.

பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம் முக்கியமான தீர்ப்பை வழங்கியது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த 15-ஆவது விதி, தாய்ச் சட்டத்துக்கே முரணானது என்று நீதிமன்றம் கூறியது. சட்டம் ‘கட்டாயம்’ என்கிறது. ஒன்றிய அரசு எழுதிய விதியோ ‘முடிந்தால் செய்யுங்கள்’ என்ற தொனியில் இருந்தது. கட்டாயத் தரங்களை மூன்று மாதங்களுக்குள் வரையறுக்க வேண்டும் என்று அரசுக்கு ஆணையிடப்பட்டது. ஒரு மனிதர் தொடுத்த வழக்கு இந்தக் கட்டத்துக்கு வர 19 ஆண்டுகள் ஆயின என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த ஆறு மாதங்களில், 2025 ஏப்ரல் 30 அன்று, பிரக்யா பிரசூன் வழக்கில் மற்றொரு தீர்ப்பு வந்தது. வங்கி முதலான சேவைகளுக்கான இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் கேமரா முன் கண் சிமிட்டிக் காட்டச் சொல்கிறார்கள். அமில வீச்சில் முகமும் இமையும் சிதைந்த பெண் எப்படிக் கண் சிமிட்டுவார்? பார்வையற்றவர் தன் முகத்தை எப்படிச் சரியாகச் சட்டகத்துக்குள் நிறுத்துவார்? நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, இணையத்தை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பிரிக்க முடியாத பகுதி என்று கூறி 20 வழிகாட்டுதல்களை வழங்கியது. விடுதி முன்பதிவின் கடைசிப் படியான பணம் செலுத்துதலும் இதே வங்கி வழியாகத்தான் நடக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தனியார் நிறுவனங்கள் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்க முடியாது என்பதும் தெளிவாகிவிட்டது. பார்வையற்ற வழக்கறிஞர் ராகுல் பஜாஜ் அளித்த புகாரில், பிராக்டோ நிறுவனம் தன் செயலியை அணுகத்தக்கதாக மாற்ற வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் 2022-இல் உத்தரவிட்டார். 2025 தொடக்கத்தில், இணைய அணுகல் கடமையை நிறைவேற்றாத அரசு, தனியார் நிறுவனங்கள் 155-க்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. வரவேற்கத்தக்க நடவடிக்கைதான். ஆனால் முதல் மீறலுக்குச் சட்டத்தின் 89-ஆவது பிரிவு அனுமதிக்கும் உச்ச அபராதமே 10,000 ரூபாய்தான். பெரிய நட்சத்திர விடுதியில் அது ஓரிரு இரவுகளின் வாடகை!

அமெரிக்க அனுபவம் தரும் பாடம்

அமெரிக்காவில் 1990-இலேயே மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. விடுதிகள் தம் முன்பதிவுச் சேவையில், எந்த அறையில் என்னென்ன அணுகல் வசதிகள் உள்ளன என்பதைப் பயணி தானே முடிவெடுக்கும் அளவுக்கு விவரிக்க வேண்டும் என்ற விதியும் 2010-இல் சேர்க்கப்பட்டது. இப்படியொரு தெளிவான விதி நமக்கும் வேண்டும்.

ஆனால் அங்கே விதியை நிறைவேற்றும் பொறுப்பு பெருமளவு தனிநபர் வழக்குகளிடம் விடப்பட்டது. புளோரிடாவைச் சேர்ந்த டெபோரா லாஃபர் என்ற மாற்றுத்திறனாளிப் பெண், இத்தகைய விவரங்களை வெளியிடாத 600-க்கும் மேற்பட்ட விடுதிகள் மீது வழக்குத் தொடுத்தார். ‘தங்கும் எண்ணமே இல்லாதவர் வழக்குப் போடலாமா?’ என்று விடுதி உரிமையாளர்கள் கேட்டார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2023 டிசம்பர் 5 அன்று, வழக்குக்கு இனி உயிரில்லை என்று கூறி, அடிப்படைக் கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. இடைப்பட்ட காலத்தில் விவாதம் முழுவதும் ‘வழக்கறிஞர்கள் பணம் சம்பாதிக்கிறார்கள்’ என்பதாகத் திசைதிருப்பப்பட்டது. அறை கிடைக்காத பயணி மறக்கப்பட்டார்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுதான். உணவகச் சமையலறையின் சுத்தத்தை உறுதிசெய்ய ஒவ்வொரு வாடிக்கையாளரும் வழக்குப் போட வேண்டுமென்று நாம் சொல்வதில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் சென்று சோதிக்கிறார். இணையதள அணுகலும் அப்படியே. சோதிப்பதும் திருத்த வைப்பதும் அரசின் வேலை. பாதிக்கப்பட்டவரின் தோளில் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது.

செலவு என்னும் சாக்கு

செலவாகும் என்ற வாதம் புதியதன்று. சிட்னி ஒலிம்பிக் இணையதளத்தைத் தன்னால் பயன்படுத்த முடியவில்லை என்று பார்வையற்ற புரூஸ் மகுவயர் புகார் அளித்தபோதும் அமைப்பாளர்கள் அதைத்தான் சொன்னார்கள். ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் அதை ஏற்கவில்லை. 2000-இல் அவருக்கு 20,000 டாலர் இழப்பீடு வழங்க உத்தரவானது. கட்டடம் கட்டும்போதே சாய்தளம் வைப்பதற்கும், கட்டிய பின் சுவரை இடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இங்கேயும். தொடக்கத்திலேயே சரியாகச் செய்தால் கூடுதல் செலவு மிகக் குறைவு.

இன்னொரு குறுக்குவழியும் விற்கப்படுகிறது. தளத்தின் மூலையில் சக்கர நாற்காலிச் சின்னத்தை ஒட்டிவிட்டால், செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற விளம்பரம் அது. இத்தகைய கருவியை விற்ற ஆக்சஸிபீ நிறுவனம், தன் கருவி எந்தத் தளத்தையும் நெறிமுறைக்கு உட்பட்டதாக ஆக்கிவிடும் என்று தவறான வாக்குறுதி தந்ததற்காக 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025-இல் உத்தரவிட்டது. நம் ஊர் விடுதிகளும் அரசுத் துறைகளும் இதில் ஏமாந்துவிடக் கூடாது.

சிறு லாட்ஜ் உரிமையாளரையும் பெருநிறுவனத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கவும் நாம் விரும்பவில்லை. பத்து அறைகள் வைத்திருப்பவர் சொந்தமாக மென்பொருள் எழுதுவதில்லை. முன்பதிவுத் தளங்களை நடத்தும் பெருநிறுவனங்களிடம் தரகு கொடுத்துத்தான் அறையை விற்கிறார். தளத்தைத் திருத்தும் பொறுப்பு, அந்தத் தரகால் வளரும் நிறுவனத்துக்கே உரியது. ஒரு தளத்தின் நாட்காட்டி சரிசெய்யப்பட்டால், அதில் இணைந்த அத்தனை விடுதிகளின் வாசலும் ஒரே நாளில் திறக்கும்.

இதில் தொழிலாளர் கோணமும் உண்டு. முன்பதிவு மென்பொருள் அணுகத்தக்கதாக இருந்தால், பார்வையற்ற பட்டதாரி அதே விடுதியின் முன்பதிவுப் பிரிவில் பணியாற்ற முடியும். வாடிக்கையாளருக்கு மூடப்பட்ட கதவு தொழிலாளிக்கும் மூடப்பட்ட கதவே. மாற்றுத்திறனாளியின் வேலை உரிமையையும் பயண உரிமையையும் பிரித்துப் பார்க்க முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, அரசின் விடுதிகளிலிருந்து தொடங்க வேண்டும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஹோட்டல் தமிழ்நாடு’ விடுதிகளும், கர்நாடக சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘மயூரா’ விடுதிகளும் மக்கள் சொத்து. இவற்றின் முன்பதிவுத் தளங்களை மாற்றுத்திறனாளிப் பயனாளர்களைக் கொண்டே தணிக்கை செய்து, அறிக்கையை வெளியிடக் கோர வேண்டும். ஒப்பந்தப்புள்ளியிலேயே அணுகல் தரத்தை நிபந்தனையாக்கி, தரம் எட்டப்படாமல் மென்பொருள் நிறுவனத்துக்கு இறுதித் தொகை வழங்கக் கூடாது.

இரண்டாவதாக, விடுதிகளுக்கு நட்சத்திரத் தகுதியும் உரிமமும் வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும், தளத்தின் அணுகலும் அறை விவரங்களின் வெளியீடும் சோதிக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, உச்சநீதிமன்றம் கூறிய கட்டாயத் தரங்கள் தனியார் முன்பதிவுத் தளங்களுக்கும் ஐயமின்றிப் பொருந்துமாறு ஒன்றிய அரசு செயல்பட வேண்டும். அபராதம் நிறுவனத்தின் வருவாய்க்கு ஏற்ப உயர வேண்டும்.

நான்காவது, நமக்கான வேலை. இதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. உங்கள் ஊர் விடுதியின் தளத்தைத் திறந்து, சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, விசைப்பலகையின் டேப் விசையை மட்டும் அழுத்தி ஓர் அறையைப் பதிவு செய்ய முயலுங்கள். எழுத்தை இரு மடங்காகப் பெரிதாக்கிப் பாருங்கள், பொத்தான்கள் மறைந்து போகின்றனவா? ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக் வசதியை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். முடிந்தால் பார்வையற்ற தோழர் ஒருவரையே சோதிக்கச் சொல்லுங்கள். அவருடைய நேரத்துக்கு ஊதியம் கொடுக்கச் சொல்லி விடுதியிடம் கேளுங்கள். எந்தப் படியில் நின்றுபோனது என்பதைத் தேதியோடு எழுதி விடுதிக்கு அனுப்புங்கள். திருத்தாவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகாராக அனுப்புங்கள். சட்டம் ஒன்றிய சட்டம் என்பதால் இந்த எல்லையின் இரு பக்கத்திலும் அது ஒன்றுதான். கன்னடத்திலும் தமிழிலும் ஒரே கோரிக்கையை நாம் எழுப்ப முடியும்.

வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025-இல் அவற்றில் 94.8 விழுக்காட்டுப் பக்கங்களில் அணுகல் பிழைகள் கண்டறியப்பட்டன. மங்கலான எழுத்து, மாற்று உரையில்லாத படம், பெயரில்லாத பொத்தான் போன்றவையே மிகுதி. இவை தீர்வு தெரியாத பிரச்சினைகள் அல்ல. கேட்க ஆளில்லாததால் தீராமல் கிடக்கும் பிரச்சினைகள். கேட்கும் ஆட்களாக நாம் இருப்போம். மைசூருக்குக் குழந்தையோடு செல்லும் காது கேளாத தாய், யாருடைய தயவும் இன்றித் தன் கைப்பேசியில் தானே ஓர் அறையைப் பதிவு செய்யும் நாள் வரை இந்தக் கோரிக்கையை விடாமல் முன்னெடுப்போம்.